காதுக்குப் பின்னால் ஒரு நீலப் பொட்டு

உங்கள் கைக்கு இந்த அலுவலகச் சோப்பு ஆகாது, மேடம். விரல் முட்டியெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. கழுவிய ஈரம் காய்வதற்குள் சாதாரண வாசலின் கொஞ்சம் தடவினாலே போதும், விலை கூடிய டப்பா எதுவும் வேண்டாம். இதைச் சொல்வதற்காக நான் வரவில்லை என்பது எனக்கும் தெரியும். பத்தொன்பது வருடம் அடுத்தவர் தோலைப் பார்த்தே பழகிய கண், அது பாட்டுக்குப் பார்க்கிறது. நீங்களும் நான் உட்கார்ந்ததிலிருந்து என் காதையே பார்க்கிறீர்கள். காதுக்குப் பின்னால் பேனாவில் வட்டம் போட்டிருக்கிறதே, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள். எனக்கும் வேகமாகப் பேசத் தெம்பு இல்லை. டாக்டரம்மாவை இந்த மருந்து ஆய்வு அலுவலகத்துக்கு நீங்கள் இரண்டு முறை கூப்பிட்டு விசாரித்துவிட்டீர்கள். அவருடைய தோல் கிளினிக்குக்குப் பூட்டுப் போட்டு இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. அவர் மேல் தப்பில்லை. நீங்கள் தேடிக்கொண்டிருக்கும் பாட்டில்கள் கிளினிக்கில் இல்லை, இதோ இந்தப் பையில் இருக்கின்றன. மொத்தம் பதினாறு. எல்லாவற்றையும் கழுவித்தான் கொண்டுவந்திருக்கிறேன், பழக்க தோஷம்.

அங்கே என் வேலை கலவை அறையில். முகத்துக்கும் தலைக்கும் போடுகிற மருந்துகளை டாக்டரம்மா எழுதிக் கொடுத்த அளவில் கலப்பேன், உள் அறையில் படுத்திருப்பவர்களுக்குப் போட்டும் விடுவேன். என்னை எல்லோரும் நீலக்கை என்றுதான் கூப்பிடுவார்கள். காப்பர் பெப்டைடு என்று ஒரு சமாச்சாரம், கேள்விப்பட்டிருப்பீர்கள். செம்பு ஒட்டிய ஒரு குட்டிப் புரதத் துண்டு. நம் ரத்தத்திலேயே கொஞ்சம் ஓடுகிற பொருள்தான். தண்ணீரில் கரைத்தால் அப்படி ஒரு நீலம். கையுறை ஓட்டையானால் நகக்கண்ணில் ஏறிவிடும். தோல் தளர்ச்சிக்கும் முடி உதிர்வுக்கும் அதைத் தடவுவார்கள். சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது. அற்புதம் நடக்கும் என்று வருகிறவர்களிடம் டாக்டரம்மா, "இது மருந்து, மந்திரம் இல்ல. பொறுமை இருந்தா உட்காருங்க, இல்லன்னா தொப்பி வாங்கிக்கங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். அவருக்கு வாய் அப்படி, மனசு தங்கம்.

அந்த மருந்துக்கென்று சில கட்டுப்பாடுகள் உண்டு. அவற்றை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கல்லீரலில் செம்பு தேங்குகிற வியாதி உள்ளவர்களுக்குத் தொடவே கூடாது. பிள்ளைத்தாய்ச்சி என்றால் டாக்டரைக் கேட்காமல் கூடாது. தோலை உரிக்கிற ஆசிட் போட்ட அன்றைக்கு இதைப் போடக் கூடாது, எரிச்சல் வந்து தோல் புண்ணாகும். புண்மேல் போடக் கூடாது. ஊசி ரோலர் என்று ஒன்று, சின்னச் சக்கரத்தில் முள் முள்ளாக இருக்கும், தலையில் உருட்டினால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழும். அது ஓர் ஆளுக்கு ஒரு தடவைதான், பிறகு உடைத்துப் போட வேண்டும். துளை போட்ட தோலில் மேலுக்குத் தடவுகிற சாதாரண மருந்தை ஊற்றக் கூடாது, கிருமி நேரே உள்ளே இறங்கிவிடும். இதையெல்லாம் வருகிறவர்களுக்கு நான்தான் எடுத்துச் சொல்வேன். ஊருக்கு உபதேசம் செய்வதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

எங்கள் கிளினிக்குக்கே உரிய வழக்கங்கள் இரண்டு. புது மருந்து வந்தால் முதல் சொட்டை நான் என் காதுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன். சுற்றிப் பேனாவில் ஒரு வட்டம், இடம் மறக்காமல் இருக்க. இரண்டு நாள் சிவக்காமல் அரிக்காமல் இருந்தால்தான் அது அடுத்தவர் காதுக்குப் பின்னால் போகும், அங்கே இன்னும் இரண்டு நாள். இன்னொன்று, பாட்டிலைத் திறந்த உடனே கழுத்தில் ஒரு பட்டி ஒட்டித் திறந்த தேதியை நீல மையில் எழுத வேண்டும். நாள் கடந்துவிட்டால் அதே பட்டியில் சிவப்பு மையில் 'கொட்டவும்' என்று எழுதி, மருந்தைக் கொட்டி, பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலி பாட்டிலைக் குப்பையில் போட்டால் டாக்டரம்மா சாமியாடிவிடுவார். இந்த இரண்டு வழக்கமும் எனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டன. அதுவே என் காலையும் வாரிவிட்டது.

என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்குப் பெயர் எதுவாக இருந்தாலும் வீட்டில் அவள் வாலுதான். அம்மா போனபோது எனக்குப் பதினெட்டு, அவளுக்கு ஏழு. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். செத்துப்போகவில்லை, வேறு வீட்டுக்குப் போய்விட்டார். வாலுவைக் குளிப்பாட்டி, தலைவாரி, இரட்டைப் பின்னல் போட்டுப் பள்ளிக்கு அனுப்பியது நான்தான். ஒரு நிமிடம் அசையாமல் உட்காரமாட்டாள். தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திருப்புவாள், வகிடு கோணும், இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு வாருவேன். "ஆள விடுக்கா" என்று அலறுவாள். எனக்கு வந்த இரண்டு மூன்று நல்ல இடங்களை நான் வேண்டாம் என்று சொன்னேன். அதை அவளிடம் சொல்லிக்காட்டியது கிடையாது. சொல்லிக்காட்டாமல் இருந்ததையும் நான் மறந்தது கிடையாது.

வளர்ந்தாள். காது கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்துகிற படிப்புப் படித்தாள், ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். வேலைக்குப் போன முதல் மாதமே முடியைத் தோளோடு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். "இனிமே உனக்குத் தலைவார்ற வேலை மிச்சம்கா" என்றாள். நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். நான் சீப்பைக் கழுவி எடுத்துவைத்தேன். அதற்குப் பிறகு ஏழு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். காலையில் "வரேன்கா", மாலையில் "வந்துட்டேன்கா", நடுவில் கைப்பேசி. அவளைக் குறை சொல்லவில்லை. வயசுப் பெண்ணுக்கு அக்காவோடு பேச என்ன இருக்கிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. பிழைத்து எழுந்து இரண்டு மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்ட ஆரம்பித்தது. தலையணையில், குளியலறைச் சல்லடையில், சட்டைக் கழுத்தில், எங்கே பார்த்தாலும் முடி. கண்ணாடி முன்னால் நின்று அழுதாள். டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவர் தலையைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவளிடம் தைரியமாக இரு என்று சொன்னார். அவள் வெளியே போன பிறகு என்னிடம், "பெரிய காய்ச்சலுக்கு அப்புறம் இப்படிக் கொட்டத்தான் செய்யும். ஒண்ணுமே போட வேணாம். ஆறு மாசத்துல தானா வந்துரும்னு நீயே பக்குவமா சொல்லிரு" என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் ஒரு தொப்பி வாங்கிக்கொண்டு ஆறு மாதம் காத்திருந்திருப்பாள். அதற்குப் பதிலாக, "டாக்டரம்மா நீல மருந்து எழுதியிருக்காங்க, வாரம் ஒரு தடவை நானே போட்டுவிடறேன்" என்றேன். கிளினிக்குக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. அவளுடைய கடைக்கும் அதே நாள்தான். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமைகளை உங்களுக்கு எப்படிச் சொல்வது. சமையலறை ஜன்னல் பக்கம் முக்காலியைப் போட்டு அவள் உட்காருவாள், நான் பின்னால் நாற்காலியில். அவள் பின்னந்தலை என் முழங்காலில் சாய்ந்திருக்கும். வகிடு வகிடாக எடுத்துச் சொட்டுச் சொட்டாக வைத்து, விரல் நுனியால் தேய்த்துவிடுவேன். எல்லாம் முறைப்படிதான் செய்தேன். முதலில் என் காது, பிறகு அவள் காது, நாலு நாள், புது பாட்டில், சுத்தமான கை. அவள் அசையவே மாட்டாள். முப்பது வயதை நெருங்கும்போதுதான் அந்தப் பிள்ளை அசையாமல் உட்காரக் கற்றுக்கொண்டது. வாய் மட்டும் ஓயாது. கடைக்கு வந்த ஒரு பெரியவர், "ஏம்மா, என் மருமக பேசும்போது மட்டும் மெஷினை அணைக்க ஒரு பட்டன் வச்சுத் தர முடியுமா" என்று கேட்டாராம். அதற்கு இவள், "கழட்டி மேசைல வச்சிருங்க தாத்தா, அதைவிட நல்ல பட்டன் உலகத்துல இல்ல" என்றாளாம். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா போன பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆறு மாதத்தில் முடி வந்தது. டாக்டரம்மா சொன்ன கணக்கு ஒரு வாரம் முன்னே பின்னே தவறவில்லை. வாலு என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "உன் கை ராசிக்கா" என்றாள். நான் அதையும் மறுக்கவில்லை. முடி நிற்க வேண்டுமானால் தொடர்ந்து போட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். இன்னும் ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, மேடம். அது வரைக்கும் இல்லை.

போன வருடம் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பெரிய ஊரில் பெரிய ஆஸ்பத்திரி, ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி பொருத்துகிற பிரிவில் வேலை. எப்போது விண்ணப்பித்தாள் என்றே எனக்குத் தெரியாது. "முடி இல்லாம இருந்திருந்தா நேர்காணலுக்கே போயிருக்க மாட்டேன்கா. எல்லாம் உன்னாலதான்" என்றாள். முகமெல்லாம் பல். "இரண்டு மாசத்துல சேரணும். இனிமே செவ்வாய்க்கிழமை உனக்கும் லீவு, நல்லா தூங்கு" என்றாள்.

நான் அவளை வாழ்த்தினேன். பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன், சக்கரம் வைத்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை, நீல மருந்துக்கு முன்னால் அவள் தலையை ஆசிட் கலவையால் துடைத்தேன். கிளினிக்கில் பொடுகுக்குப் போடுவதுதான், வேறொன்றும் இல்லை. அதையும் இதையும் ஒரே நாளில் போட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தலை சிவந்து, இரண்டு நாள் எரிந்தது. "எரியுதுக்கா" என்றாள். "மருந்து வேலை செய்யுது, சொறியாம இரு" என்றேன். எதற்காகச் செய்தாய் என்று கேட்பீர்கள். ஒரு வாரம் தள்ளிப்போடுவாள் என்று நினைத்தேன். அவ்வளவுதான். ஒரு வாரம் என்பது ஒரு செவ்வாய்க்கிழமை.

அவள் தள்ளிப்போடவில்லை. அடுத்த வாரம் ரோலரை எடுத்தேன். "வேர் வரைக்கும் இறங்கும், போறதுக்கு முன்னாடி பலமா நாலு தடவை போட்டுரலாம்" என்றேன். அவள் ஒரு கேள்வி கேட்கவில்லை, தலையைக் குனிந்து கொடுத்தாள். ஒரே ரோலரைத்தான் திரும்பத் திரும்ப உருட்டினேன். குழாய்த் தண்ணீரில் அலசிவைப்பேன். சிவந்த இடத்திலேயே உருட்டினேன். மருந்தும் மாறியது. கிளினிக்கில் நாள் கடந்து கொட்ட வேண்டியவை என்னிடம்தானே வரும். கொட்டாமல் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நீலம் மங்கிப் பச்சை கலந்திருக்கும், திறந்தால் லேசாக ஒரு வாடை வரும். வாலு முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பாள், அவளுக்கு எதுவும் தெரியாது. அடி மேல் அடி வைத்தால் அம்மியே நகரும் என்பார்கள். இது வெறும் தோல்.

முதலில் பருப் பருவாக வந்தது. பிறகு பொருக்குத் தட்டியது. பிறகு சீழ். முடி திட்டுத் திட்டாக விழுந்தது, நெற்றி வரை புண் இறங்கியது. வேலையில் சேர ஒரு மாதம் அவகாசம் கேட்டாள், கொடுத்தார்கள். இன்னொரு மாதம் கேட்டாள். மூன்றாவது மாதம் அந்த இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அன்றைக்கு என் மடியில் தலை வைத்து அழுதாள். நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் அழுகை வந்தது, அதில் பொய் இல்லை.

கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். தலையில் துணி கட்டிக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள். டாக்டரம்மாவிடம் போகலாம் என்று இரண்டு தடவை சொன்னாள். "அவங்ககிட்ட கேட்டுத்தான் போடறேன், சரியாகறதுக்கு முன்னாடி கொஞ்சம் முத்தும்னு சொன்னாங்க" என்றேன். டாக்டரம்மாவிடம் தங்கை வெளியூர் போய்விட்டாள் என்று சொல்லியிருந்தேன். மதியம் ஒரு மணிக்கு என் கைப்பேசிக்குப் போன் வரும். "எப்பக்கா வருவ" என்பாள். என்னை அப்படிக் கேட்க வீட்டில் ஒருவர் இருந்து எத்தனை வருடம் ஆகியிருந்தது தெரியுமா. பையை மாட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போவேன். கால் வலி கூடத் தெரியாது.

ஆசிட் துடைத்த நாளிலிருந்து மொத்தம் முப்பத்தொரு செவ்வாய்க்கிழமை. முப்பத்திரண்டாவதற்கு முந்தைய நாள் காய்ச்சல் கொதித்தது, பிதற்றினாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அங்கே கிருமி நோய்களைப் பார்க்கிற டாக்டர் ஒருவர், வயது குறைந்த பெண், கண்டிப்பானவர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டார்.

"தலையில என்ன போட்டீங்க? ரோலர், சீரம், ஊசி, ஏதாவது? யாரையும் திட்ட மாட்டேன். என்னன்னு தெரிஞ்சா சரியான மருந்தை இன்னைக்கே ஆரம்பிக்கலாம்."

"எண்ணெய்தான் டாக்டர்" என்றேன்.

மறுநாள் வாலுவுக்கு நினைவு தெளிந்ததும் நான் அவள் காதோடு சொன்னேன். கிளினிக் மருந்தை வீட்டுக்கு எடுத்துவந்தது தெரிந்தால் என் வேலை போய்விடும், டாக்டரம்மாவுக்கும் கெட்ட பெயர், பார்த்துப் பேசு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். டாக்டர் வந்து திரும்பக் கேட்டபோது, பேசவே தெம்பில்லாத பிள்ளை, "ஒண்ணும் போடல டாக்டர், வெறும் எண்ணெய்தான்" என்றாள். என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் போர்வையைச் சரி செய்துகொண்டிருந்தேன்.

அப்படிப் பதினொரு நாள் போனது. கொடுத்த மருந்து எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் சீழைச் சோதித்ததில், தண்ணீரில் வாழ்கிற ஏதோ ஒரு பிடிவாதக் கிருமி என்று தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் மாத்திரையிலேயே மடக்கப் பார்த்திருக்கலாம், இப்போது ரத்தம் வரைக்கும் போய்விட்டது, பலமான ஊசி வாரக்கணக்கில் போட வேண்டும் என்றார் டாக்டர். அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்கும், உயிரா காதா என்றால் உயிர்தான் என்றார். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான். நீல மைதான், என் பேனா.

உயிர் தங்கியது. உச்சந்தலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோலை வெட்டி எடுத்தார்கள், அங்கே இனி முடி வராது. காது கேட்காததை அவளேதான் கண்டுபிடித்தாள். பழைய கடைக்குப் போய், தான் வாடிக்கையாளர்களை உட்காரவைக்கும் அதே கண்ணாடி அறையில் உட்கார்ந்து, தன் காதைத் தானே சோதித்தாள். இடது காது சுத்தமாக இல்லை. வலது காதில் பாதி. அவளே ஒரு கருவியை எடுத்து, வலது காதுக்குப் பின்னால் பொருத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். நான் நீலப் பொட்டு வைத்துப் பார்த்த அதே இடம்.

அதற்குப் பிறகுதான் அவள் அந்த டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த வரைக்கும் உண்மை. அக்கா கிளினிக்கிலிருந்து கொண்டுவந்த மருந்து என்று. வீட்டுக்கு வந்து என்னிடமும் சொன்னாள். "என்னை மன்னிச்சிருக்கா. உனக்கு வேலை போனாலும் பரவாயில்ல. அங்க வர்ற வேற யாருக்கும் இப்படி ஆயிரக் கூடாது" என்றாள். அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள், அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த டாக்டர் உங்களுக்குத் தகவல் சொல்லி, மறுநாள் நீங்கள் கிளினிக்கைப் பூட்டினீர்கள். மருந்து பாட்டிலைக் கொண்டுவரச் சொல்லி அவளுக்கு ஆள் அனுப்பினீர்கள்.

நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் அவள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டை இழுத்துப் பார்த்திருக்கிறாள். காலி பாட்டிலைக் குப்பையில் போட எனக்குக் கை வராது, மேடம். இவற்றைக் கிளினிக்கில் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. கழுவிக் கழுவி அங்கேயே அடுக்கிவைத்திருந்தேன். ஒவ்வொன்றின் கழுத்திலும் பட்டி. திறந்த தேதி நீலத்தில், 'கொட்டவும்' சிவப்பில். அதைக் கிளினிக்கிலேயே எழுதிவிடுவேன், எழுதாமல் ஒரு பாட்டிலை என்னால் கையில் வைத்திருக்க முடியாது. பட்டியைக் கிழிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பட்டி இல்லாத பாட்டிலைப் புழங்கினால் ஆபத்து இல்லையா.

நான் திரும்பி வந்தபோது பதினாறு பாட்டிலும் தேதி வரிசைப்படி சாப்பாட்டு மேசையில் நின்றன. வாலு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். தலைத்துணியைக் கழற்றியிருந்தாள். நான் அதுவரை அந்தத் தலையைப் பகல் வெளிச்சத்தில் முழுதாகப் பார்த்ததில்லை, மருந்து போடும்போது வகிடு வகிடாகத்தான் பார்த்திருக்கிறேன்.

"இது உன் எழுத்துதானேக்கா?" என்றாள்.

"ஆமாம்டி" என்றேன்.

"கொட்டணும்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு வாலு" என்று ஆரம்பித்தேன். அவளிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு வலது காதிலிருந்து கருவியைக் கழற்றினாள். மெதுவாக மேசைமேல், கடைசிப் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள். பிறகு எழுந்து உள்ளே போய், நான் வாங்கிக் கொடுத்த பெட்டியில் துணிகளை அடுக்கினாள். நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றுவிடாமல், உங்களிடம் சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன். அவள் திரும்பவே இல்லை. போகும்போது கருவியை எடுத்துக்கொண்டாள், படிக்கட்டில் இறங்கிய பிறகுதான் காதில் மாட்டினாள். பெட்டியின் சக்கரம் நல்ல சக்கரம், சத்தமே போடவில்லை.

எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. பாட்டில்களை அவள் உங்களிடம் கொண்டுவரவும் இல்லை, நான் தெரிந்தே செய்தேன் என்று சொல்லவும் இல்லை. வேறு ஒருத்தியாக இருந்தால் அன்றைக்கே என்னைக் காட்டிக் கொடுத்திருப்பாள். பாசம் என்பது அதுதானே.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். டாக்டரம்மாவுக்கு எதுவும் தெரியாது. மருந்து மேல் பழி இல்லை, அதை முறையாகப் புழங்கினால் அது சாது. செய்தது நான். தெரிந்து செய்தேன், முப்பத்தொரு தடவை, ஒவ்வொரு தடவையும் இது தப்பு என்று தெரிந்து. ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதும் நான், அவளைச் சொல்லவைத்ததும் நான். வேலியே பயிரை மேய்ந்தது என்று வெளியே பேசுவார்கள், பேசட்டும். வாலு என்னை விட்டுப் போகாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேனே தவிர, அவளுக்குக் கெடுதல் நினைத்ததே இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், காட்டுங்கள்.

ஒரு சந்தேகம் மட்டும். வழக்கு என்று வந்தால் அவளும் வந்து சொல்ல வேண்டியிருக்கும், இல்லையா. அப்போது நான் பேசுவதை அவள் காதில் மாட்டிக்கொண்டுதான் கேட்டாக வேண்டும். உள்ளே போட்ட பிறகு வாரம் ஒருநாள் சொந்தக்காரர்கள் வந்து பார்க்கலாம் என்று கேள்விப்பட்டேன். அது செவ்வாய்க்கிழமையாக இருக்கும்படி உங்களால் சொல்லி ஏற்பாடு செய்ய முடிந்தால் நல்லது. அவளுக்கும் தோதான நாள்.

காதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன் என்றேனே. வீட்டில் திறக்காத பாட்டில் ஒன்று இருந்தது, நாள் கடக்காதது. பட்டி ஒட்டித் தேதி எழுதி, முந்தாநாள் ஒரு சொட்டு வைத்துக்கொண்டேன். இன்றோடு இரண்டு நாள் முடிகிறது. கிட்ட வந்து பாருங்கள், மேடம். கொஞ்சம்கூடச் சிவக்கவில்லை. இனி அவளுக்குப் போடலாம்.